ஸ்டெப்னிக்கு அடியில்

ஜனவரி 9

தம்பிக்கு,

இங்கே நானும் வாலுவும் சுகம். அவளுக்கு வந்த சளி அவளை விட்டு இறங்கி இப்போது என் மேல் உட்கார்ந்திருக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் நான் போனில் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நீ மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கார்ப் பட்டறையில் தகரத்தைச் சுத்தியால் தட்டினால் காது என்னத்துக்கு ஆகும்? இனிமேல் கடிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். சிரிக்காதே. கார் வாங்கப் போகிறேன். இதற்கும் சிரிக்காதே: இரண்டு சீட் மட்டும் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். பழையதுதான். பல் லேபில் பதினைந்து வருடம் ஊரார் வாய்க்குப் பல் செட் செய்து சேர்த்தது அதற்குத்தான் எட்டும்.

லேப் முதலாளி கேட்டார்: "பல்லு கட்டுற பொம்பளைக்குப் பறக்குற வண்டி எதுக்கும்மா?" பக்கத்து வீட்டு அக்கா, குடும்ப வண்டியாக ஒன்று எடு என்றார்கள். குடும்ப வண்டிக்குப் பின்சீட்டு இருக்கும். வாலுவின் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதே போதும், காலி சீட்டையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற என்னால் முடியாது. எனக்கு ஒரு சீட், அவளுக்கு ஒரு சீட். நாங்கள் நிறைந்து போக வேண்டும்.

உனக்கு வண்டியின் உள்ளும் புறமும் தெரியும். எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டறை மாடியில் என் அறைக்கு வெயில் வந்துவிட்டதால் உடம்பு பரவாயில்லை. லைசென்ஸுக்குச் சிரிக்கவில்லை. காருக்குச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். பீரோ கதவையே பார்த்துச் சாத்தத் தெரியாத நீ ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டப் போகிறாய். என் கட்டைவிரலைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

சரி, நன்றாகக் கேட்டுக்கொள். விற்கிறவன் எவனையும் நம்பாதே. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன் ஒருத்தனாவது மெதுவாக ஓட்டியிருப்பானா? ஆனால் விற்கும்போது எல்லோரும் ஆமை வேகத்தில்தான் ஓட்டினேன் என்பார்கள். பெரிய எஞ்சின் பக்கம் போகாதே, பெட்ரோலும் இன்சூரன்ஸும் சேர்ந்து உன்னைத் தின்றுவிடும். சின்ன எஞ்சின், எடை குறைந்த உடம்பு, சாதாரணக் கடையில் பாகம் கிடைக்கும் வண்டி. அது போதும் உனக்கு.

பார்க்கப் போகும்போது பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் நீ வரும் முன்பே ஓட்டி வைத்திருக்கிறான், காலையில் கிளம்ப மறுக்கும் வண்டி அது. மீட்டரைப் பார்க்காதே, பெடல் ரப்பரைப் பார். கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கு. வெளியே எத்தனை பூசி மெழுகினாலும் வண்டியின் பொய் அந்தக் குழிக்குள் தெரியும். ஒட்டு வேலை செய்தவன் அங்கேதான் மாட்டுவான், யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை என்ற தைரியம் அவனுக்கு.

வாலுவுக்கு மாமாவின் முத்தம். எந்த வண்டியாக இருந்தாலும் எனக்கு எழுதிவிட்டுத்தான் முன்பணம்.

தம்பி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

சளி போய்விட்டது. வாலு பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்து, தான்தான் எல்லோரையும் முன்னால் விட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீ சௌக்கியமா?

மூன்று வண்டி பார்த்தேன். முதல் வண்டியின் பானெட்டில் கை வைத்தேன், சப்பாத்திக் கல் மாதிரி இருந்தது. "வெயில்லயே நிக்குதுங்க" என்றார். வண்டி நின்றது ஷெட்டுக்குள். இரண்டாவது ஆள், "என் தங்கச்சி வாரத்துக்கு ஒரு தடவ எடுப்பா, அவ்ளோதான்" என்றான். பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டியது. அந்தத் தங்கச்சிக்கு எத்தனை கால் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவதுதான் விஷயம். கரும்பச்சை, துணிக் கூரை, மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். விற்கிறவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஊரில், கைமாற்றி விற்கும் ஒருவரிடம் வாங்கினாராம். விடுமுறை நாளில் மனைவியை வைத்துக்கொண்டு மலைச் சாலை வரை போய் வருவார்களாம். இப்போது அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை. கேட்காமலே காகிதங்களை எடுத்து வைத்தார். "ஓட்டிப் பாருங்கம்மா, அவசரமில்ல" என்று சாவியைக் கையில் கொடுத்தார். டீ கொடுத்தார். ஒரு மனிதர் இத்தனை நல்லவராக இருந்தால் எனக்குச் சந்தேகம் வராதா? வந்தது. இன்னும் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. பின்பக்க மட்கார்டின் பச்சையும் முன்பக்கப் பச்சையும் ஒரு நூல் வித்தியாசம். வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்த்துச் சேர்த்துப் பழகிய கண் எனக்கு. கேட்டதற்கு, "அப்படியா? எனக்குத் தெரியலியேம்மா" என்கிறார் கண்ணாடிக் கடைக்காரர்!

வலது பக்கமிருந்து எடுத்த போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். வாலு சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்கவே மாட்டேன் என்றாள். கடைசியில் தூக்கித்தான் இறக்கினேன். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன், சீக்கிரம் எழுது.

அக்கா

மார்ச் 3

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? வாரத்துக்குள் பதில் போடுகிறவன் நீ. இது நாலாவது வாரம். பட்டறைக்கு போன் செய்தேன். உன் முதலாளி, "நல்லாத்தான் இருக்கான், தட்டிக்கிட்டு இருக்கான்" என்றார். பிறகு ஏன் இந்த மௌனம்?

கண்ணாடிக் கடைக்காரர் இன்னொருத்தர் கேட்டும் எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். எத்தனை நாள் வைப்பார்? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம்.

அந்த வண்டி வேண்டாம். பச்சை சீக்கிரம் வெளுக்கும். துணிக் கூரை ஒழுகும். இடது கதவு ஒரே தடவையில் பூட்டாத வண்டியை எல்லாம் வாங்கி என்ன செய்யப் போகிறாய்? கண்ணாடிக் கடைக்காரர் ஆளும் சரியில்லை, டீ கொடுக்கும்போதே தெரியவில்லையா?

வாலுவை மறுபடி அதில் ஏற்றாதே. வேறு வண்டி நானே பார்த்துச் சொல்கிறேன். இதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை உண்மையிலேயே கேட்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பச்சை வெளுக்கும் என்றாய், சரி. கூரை ஒழுகும் என்றாய், சரி. இடது கதவு ஒரே தடவையில் பூட்டாது என்று உனக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லை. நான் அனுப்பிய போட்டோவில் இடது பக்கமே இல்லை. நேற்று வேலை முடிந்ததும் போய்ச் சாத்திப் பார்த்தேன். முதல் தடவை திரும்பி வந்தது. இரண்டாவது தடவைதான் பூட்டியது.

என் மனம் எங்கெங்கோ போகிறது. உனக்கு அந்தக் கடைக்காரரை முன்பே தெரியுமா? அந்த வண்டி மேல் உன் முதலாளிக்குக் கண்ணா, என்னை விலக்கிவிட்டு அவருக்கு முடித்துக் கொடுக்கப் பார்க்கிறாயா? இல்லை, நீயும் ஊரோடு சேர்ந்து, புருஷன் இல்லாதவளுக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று நினைக்கிறாயா? கடைசியாக எழுதியதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. அதுவாக இருந்தால் நேராகச் சொல்லிவிடு.

விற்கிறவன் எவனையும் நம்பாதே என்று எழுதினாய். வேண்டாம் என்று தடுக்கிறவனை நம்பலாமா என்று எழுதவில்லை. என் காதில் பூ சுற்றாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை முடியாது, அதற்கடுத்த ஞாயிறு போய் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்கப் போகிறேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான்.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

நீ நினைக்கிற எதுவும் இல்லை. உன்னைப் பற்றி அப்படி நினைத்தால் என் கை அழுகிப் போகும். அந்த மாதிரி வண்டிக்கு எல்லாம் இடது கதவு அப்படித்தான் இருக்கும், பொதுவாகச் சொன்னேன். ஸ்டெப்னியை எல்லாம் தூக்காதே, கனம், இடுப்பு பிடித்துக்கொள்ளும். நானே ஒரு வண்டியை ஒழுங்காகச் செய்து கொண்டுவந்து நிறுத்துகிறேன். நீ ஒன்றும் கொடுக்க வேண்டாம். அந்தப் பச்சை வண்டியை மட்டும் விட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

இத்துடன் வரும் சின்னப் பெட்டியை முதலில் திற. பஞ்சுக்குள் இருக்கிறது, உடைத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை போனேன். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்தேன். இடுப்பு பிடிக்கவில்லை. குழிக்குள் சுத்தமாகப் பச்சை அடித்திருந்தது. வேறு யாராவது பார்த்தால் நல்ல வண்டி என்று மூடியிருப்பார்கள். மூலையில், தகரமும் தகரமும் சேரும் இடத்தில் தடவிய பசை வரி கல்லாக இறுகிக் கிடந்தது. அதில் ஒரு பள்ளம். யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திய தடம். பசை காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற ஆளை எனக்குத் தெரியும். வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி பதித்தபோதும் அப்படித்தான் செய்தாய். அம்மா திட்டினார்கள், உனக்கு நினைவிருக்கும்.

நான் நாள் முழுக்க அச்சுப் பார்க்கிறவள். வாயில் எடுத்த அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்றினால் பல் எழுந்து வரும். லேபிலிருந்து ஒரு கைப்பிடி பிளாஸ்டர் கொண்டுபோயிருந்தேன், ஏன் கொண்டுபோனேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளத்தில் ஊற்றினேன். கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, டிக்கிக்கும் பல்லு கட்டப் போறீங்களா?" என்று சிரித்தார். இறுகியதும் எடுத்தேன்.

நடுவில் குறுக்கே ஒரு வாய்க்கால். அதன் இரு பக்கமும் ஐந்து தையல் தடம். நீ ஏழு வயதில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பீரோ கதவைச் சாத்தியவள் நான்தானே?

அந்த வண்டிக்கு என்ன செய்தாய்? மழுப்பாமல் எழுது. அவரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "வர்ற பதினஞ்சாம் தேதி வீட்டுக்காரம்மாவ கடைசியா ஒரு தடவ மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன், அப்புறம் நீங்க எடுத்துக்குங்க" என்றார். அதற்குள் உன் பதில் வர வேண்டும். வராவிட்டால் நானே அவரிடம் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. நான் வாங்காவிட்டால் அவர் வேறு யாருக்கோ விற்பார். என்னை மட்டும் இழுத்து நிறுத்தப் பார்த்தாயே, அடுத்து வாங்குகிறவனுக்கு ஓர் அக்கா, ஒரு வாலு இருக்க மாட்டார்களா?

அக்கா

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. பட்டறையில் எல்லோர் முன்னாலும் திறந்துவிட்டேன். என் விரலை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது ஒரு வண்டி இல்லை, இரண்டு. ஒன்று முன்னால் நொறுங்கியது, இன்னொன்று பின்னால் நொறுங்கியது. சீட்டுக்குப் பின்னால் வெட்டி, நல்ல பாதியையும் நல்ல பாதியையும் ஒட்டினோம். ஒட்டியது நான். நீ பார்த்த பச்சை வித்தியாசம் அதுதான். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. எதிலாவது வேகமாக மோதினால் ஒட்டு விட்டுவிடும், உள்ளே இருப்பவர்களுக்குப் பிடிமானம் இருக்காது. நான் தயங்கியபோது முதலாளி, "ஓடும்ல? அப்புறம் என்ன?" என்றார். அந்த "அப்புறம் என்ன"வைப் பிடித்துக்கொண்டு நானும் வேலையை முடித்தேன். இடது கதவு மட்டும் நேராக உட்காரவே இல்லை, மூன்று நாள் போராடினேன். எங்கேயோ தூர ஊருக்கு விற்கிறார்கள் என்று சொன்னார்கள். தூரத்தில் இருப்பவர்களும் ஆட்கள்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் படுக்கைக்கு அடியில் வைத்தேன். நாலு வாரம் அதன் மேலேயே படுத்தேன். நீ வாங்காவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கடைக்காரரும் அவர் மனைவியும் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. அவரைத் திருடன் போல வேறு எழுதினேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பட்டறையை விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் தேதி வருகிறேன். நானே அவரிடம் சொல்கிறேன், நீ வாசலில் நின்றால் போதும். அவர் திட்டுவது என் காதில் விழாது. அதனால் தப்பித்தேன் என்று இருக்க மாட்டேன், எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்வேன். அதற்குள் அந்த வண்டியை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்.

இதுபோல மொத்தம் நாலு வண்டி செய்தேன். நாலிலும் என் கட்டைவிரல் இருக்கிறது.

தம்பி

மே 20

அக்காவுக்கு,

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுத முடிந்தது. மருத்துவர் காதுக்கு ஒரு கருவி சொல்லியிருக்கிறார், பார்க்கலாம். காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பேரையும் சேர்த்துத்தான். முதலாளியின் டைரியை எடுத்துப் போயிருக்கிறார்கள். வேறு பட்டறை எதிலும் என்னை உள்ளே விடவில்லை, இப்போது கேட் செய்யும் இடத்தில் வெல்டிங்.

மற்ற மூன்றில் ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என் ஊரிலிருந்து நாலு மணி நேரம். ஓட்டுகிறவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை பஸ்ஸில் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

கடைக்காரர் கண்சோதனைச் சீட்டின் பின்னால் எழுதித் தந்தது சட்டைப் பையிலேயே இருக்கிறது. "இதில் என் மனைவியை வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன்." அவ்வளவுதான் எழுதினார். திட்டியிருக்கலாம்.

வாலு என்னிடம் பேசாமல் இருந்தது நியாயம்தான் என்று அவளிடம் சொல்.

தம்பி

மே 27

தம்பிக்கு,

கருவியை வாங்கி மாட்டு, தள்ளிப் போடாதே. நாங்கள் சுகம். வாலு உன்னோடு பேசாமல் இருந்தது மூன்று நாள்தான். நாலாவது நாள், "மாமா போயிட்டாரா, சொல்லவே இல்ல" என்று என்னோடு சண்டை பிடித்தாள்.

உன் காதுக்குக் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு முற்றத்தில், இனி யாரும் ஓட்ட முடியாதபடி அந்த வண்டியை நீ மறுபடி இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாய், நெருப்புப் பொறி பறந்தது. உன் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "இவன் வரலன்னா, நம்ம கையாலயே இத இந்தப் பொண்ணுக்குக் குடுத்திருப்போமே" என்றார்கள். அதற்கு அவர், "அதுக்காக இவன நல்லவன்னு சொல்லிடாத" என்றார். இரண்டையும் நீ கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் எழுதுகிறேன்.

வண்டி வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம், சின்ன எஞ்சின், இரண்டே சீட். கூரையில் ஒரு ஒட்டு, ரேடியோ பாடாது, இரண்டையும் விற்ற நீச்சல் வாத்தியாரே முதலில் சொல்லிவிட்டார். அதற்காகவே அவரை இரண்டு மடங்கு சந்தேகப்பட்டேன். பானெட்டைத் தொட்டேன், பெடலைப் பார்த்தேன், தெரியாத ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொன்னேன். ஸ்டெப்னிக்கு அடியில் கொஞ்சம் மணலும் ஒரு குழந்தையின் நீச்சல் கண்ணாடியும் இருந்தன. முதல் நாள் வாலு பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, சாலை தெரிய வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று நீ எழுதவில்லை. எழுதாததைப் படிக்க இந்த ஐந்து மாதத்தில் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. பஸ் வேண்டாம். வாலு தன் சீட்டை ஒரே ஒரு நாளைக்கு உனக்குக் கொடுத்திருக்கிறாள். இந்த வண்டி மேல் எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. உன் மேல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, போகிற வழியில் பேசிக்கொள்ளலாம்.

நீ சொன்ன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் வாசலில் ஹாரன் அடிப்பேன். உனக்குக் கேட்காது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிரு.

அக்கா